வடிதாளில் விழாத இரவு

காலை எட்டு மணிக்குப்
பாலத்தின் மூன்றாம் கண்ணுக்கு நேராகக்
கயிற்றில் கட்டி ஒரு பாட்டிலை இறக்குவேன்.
ஆரணியாற்றில் தண்ணீர் இருந்தால் ஒரு லிட்டர்.
இல்லாத மாதங்களில்
'ஓட்டம் இல்லை' என்றெழுதிக் கையெழுத்து.
பிறகு வடிதாள், உலர்அடுப்பு, தராசு.
பதினொரு வருஷமாய் நான் நிறுத்த வண்டலையெல்லாம்
ஒன்றாய்க் கொட்டினாலும்
ஒரு சோற்றுப்பானை நிறையாது.

கார்த்திகையில் வந்த புயல்
கரையைக் கடந்தும் கலையவில்லை.
நாகலாபுரம் மலைமேல் ஏறி
ஒரு பகல், இரண்டு இரவு உட்கார்ந்துவிட்டது.
பிச்சாட்டூரில் மதகு திறந்தாயிற்றென்று போன் வந்தபோது
பாலத்தின் கைப்பிடி மட்டும் தெரிந்தது,
அப்புறம் அதுவும் இல்லை.
பாட்டில் என் கையிலேயே இருந்தது.

சத்தம்தான் கேட்டேன்.
மேலே தண்ணீரின் சத்தம். அதற்கும் அடியில்
யாரோ வீடு காலி செய்வதுபோல்
பீரோக்களை இழுத்துக்கொண்டே போகும் சத்தம்.
கல் உருள்கிறது என்றார் பாலத்து வாட்ச்மேன் ஏகாம்பரம்.
விடியும்வரை உருண்டது.

பர்மிட் இல்லாத ஒரு டிராக்டர் மணலை
நாளெல்லாம் நிறுத்திவைக்கும் செக்போஸ்ட் அது.
அன்றைக்கு ஒரு மலைச்சரிவே
விளக்குப் போடாமல்
அதன் கூரைமேல் ஏறிக் கடந்து வந்தது.

வடிந்த பின் போனேன்.
இரும்பு அளவுகோலில் பூஜ்யத்தைக் காணோம்.
ஒன்றரை மீட்டருக்குக் கீழே எல்லாம் மணல்.
நான்காம் தூணுக்கோ அடிமண்ணே இல்லை,
பல்லீறு இறங்கினாற்போல் நின்றது.
தெலுங்கு எழுத்தில் 'நாகலாபுரம் 4' என்றொரு மைல்கல்
நம் கரையில் கவிழ்ந்து கிடந்து
பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

மொகிலம்மாவின் கழனி ஒன்றேகால் ஏக்கர்.
கதிர் பிடித்திருந்த பயிருக்குமேல் இடுப்பளவு மணல்.
நிலம் உன்னுடையது,
மணல் சர்க்காருடையது,
அள்ள வேண்டுமானால் மனு கொடு என்றார் ஆர்.ஐ.
அப்போ என் நெல்லு யாருடையது என்று
தெலுங்கில் கேட்டாள்.
பதில் வராததால் தமிழில் கேட்டாள்.

மேலதிகாரிக்கு வருஷச் சராசரி வேண்டும்.
அந்த இரண்டு நாள் கட்டங்களில்
'மாதிரி எடுக்க இயலவில்லை' என்றிருந்தது.
முன்னூற்று அறுபத்து மூன்றால் வகுத்தேன்.
போன வருஷத்தைவிடக்
கொஞ்சம் குறைவாகவே வந்தது.

மறுநாள் எட்டு மணி.
தண்ணீர் தெளிந்து, பாட்டிலில்
வெயில் தெரிந்தது.
தாளில் ஒட்டியது இரண்டு சிட்டிகைகூட இல்லை.
எழுதிக்கொண்டிருக்கையில்
இடுப்பில் கூடையோடு மொகிலம்மா உள்ளே வந்தாள்,
செருப்பைக்கூடக் கழற்றாமல்.
மேஜைமேல் மணலை இறக்கி,
"இதையும் எழுதும்மா" என்றாள்.

என் தராசு
இருநூறு கிராம் வரைதான்.