மைனஸ் பதினெட்டு

"மிஸ்டர் இரு" என்று கூப்பிட்டாள்
சோஹார் கிளினிக்கின் பிலிப்பினோ நர்ஸ்.
இருளப்பன் அவள் வாய்க்குள் அவ்வளவுதான் நுழைந்தான்.
இரு என்றால் எங்கள் பாஷையில் காத்திரு.
இருந்தேன்,
பிளாஸ்டிக் டப்பாவைச் சட்டைக்குள் ஒளித்தபடி.
சூடு ஆறக்கூடாதாம், உடம்போடு வைத்துக்கொள்ளச் சொன்னாள்.
நாற்பத்து நான்கு வயதில்
என் உடம்புச் சூட்டை ஒருவர்
கணக்கில் எடுத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

என் வண்டி உறைந்த கோழி ஏற்றும் ரீஃபர்.
சோஹாரிலிருந்து துக்கும் வரை
முதுகுக்குப் பின்னால் எப்போதும் மைனஸ் பதினெட்டு.
இரண்டு டிகிரி ஏறினால் மணி அடிக்கும்,
மஸ்கட் ஆபீஸிலிருந்து போன் வரும்,
கோழிக்கு என்ன ஆச்சு என்று.
எனக்குக் கீழே இன்ஜின்.
பதினாறு வருஷம், நாளைக்குப் பதினான்கு மணி நேரம்
ஒரே ரெக்சின் சீட்டில் வெந்தேன்.
ஒரு மணியும் அடிக்கவில்லை.

"மில்லிக்கு நாற்பது லட்சம்" என்றார்
கோழிக்கோட்டு டாக்டர்.
சிரித்துவிட்டேன்.
ஊரில் வீடு கட்டியதும் சரியாக நாற்பது லட்சம்,
தச்சுவேலை இன்னும் பாக்கி.
"போதாது. ஒன்றரைக் கோடியாவது வேணும்.
இருக்கறதுலயும் பாதி நீந்தலை,
சிலது ஒரே எடத்துல வட்டமடிக்குது."
ரவுண்டானாவில் எக்ஸிட் தவறவிட்ட
புது டிரைவர்கள் ஞாபகம் வந்தது.

சிகரெட்?
ஒரு பாக்கெட், பிறகு பாதி.
தூக்கம்?
லோடு ஏற்றக் காத்திருக்கும்போது.
கண்விழிக்கக் குடிக்கும் அந்த டின்?
எண்ணியதில்லை சார்,
பிரேக் போட்டால் காலடியில் உருளும்.
தொப்பையை அவரே பார்த்து எழுதிக்கொண்டார்.
கல்யாணம்? முப்பத்தேழில்.
ஒன்றாக இருந்தது மொத்தம் எவ்வளவு?
விரல்விட்டு எண்ணினேன்.
நாற்பது நாள், நாற்பது நாள்,
கொரோனாவில் ஒன்றுமில்லை, பிறகு முப்பது...
ஏழு வருஷத்தில் ஏழு மாசம் தேறவில்லை.

"ஆம்பளைக்கு வயசே இல்லைன்னு
யாரோ சொல்லி வெச்சிட்டாங்க.
கதவு பூட்டிக்காது, சரி.
கீல் துருப்பிடிக்கும்."
அப்புறம், அதை உடம்புக்கு வெளியே
ஏன் தொங்கவிட்டிருக்கிறது தெரியுமா என்று கேட்டார்.
தெரியாது என்றேன்.
குளிர்ச்சிக்கு, என்றார்.

முனீஸ்வரிக்கு மூன்று ஸ்கேன் சென்டர்.
இரண்டு முறை வயிற்றில் துளையிட்டுப் பார்த்தார்கள்.
வளைகாப்பு வீடுகளில் அவளுக்குப் பந்தி மட்டும்,
வளையல் தட்டை ஏந்தவிட்டதில்லை.
என்னிடம் ஒருவரும் ஒரு டப்பா நீட்டியதில்லை.
மலடன் என்றொரு சொல் அகராதியில் இருக்கிறதாம்.
எங்கள் தெருவில் யாரும் அதை
எடுத்துச் செலவழித்துப் பார்த்ததில்லை.

ஆதம் என்று ஓர் ஊர், பாலைவனம் தொடங்கும் இடம்.
பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு
குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரிப்போர்ட்டைப் போட்டேன்.
கீழே இரண்டே வார்த்தை: குறை எனக்கு.
பதினொரு பேர் பார்த்தார்கள்.
சின்ன மச்சான் கட்டைவிரல் தூக்கினான்,
பிறகு எடுத்துவிட்டான்.
அம்மா எழுதிக்கொண்டே இருந்தாள், வந்து சேரவில்லை.
முனீஸ்வரி வெளியேறினார் என்று
சாம்பல் நிறத்தில் ஒரு வரி.

கால் மணி நேரம் கழித்துத் தனியாக வந்தது:
"இத்தன வருஷம் எங்க வெச்சிருந்தீங்க
இந்த ரெண்டு வார்த்தைய?"
அதற்கும் பிறகு:
"புதுசா ஊற எழுபது எண்பது நாளுன்னு
டாக்டர் எழுதியிருக்காரு.
எந்தத் தேதியிலருந்து எண்ணட்டும்?"

விரலிடுக்கில் அது புகைந்துகொண்டிருந்தது.
நாளையிலிருந்து என்று தட்டினேன்.
அழித்தேன்.
பின்னால் ரீஃபர் அலறத் தொடங்கியது,
மைனஸ் பதினாறு.
இரு, என்றேன் அதனிடம்.