மூன்றாவது டெண்டர்

வாலாஜாபேட்டை பழைய சுங்கச் சாவடிக்கு
மூன்றாவது டெண்டர்.
வந்தது ஒரே உறை, கன்னியப்பனுடையது.

சிமெண்ட் பூசக் கூடாதாம், மேலிடத்து உத்தரவு.
சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம் என்று எழுதினேன்.
தணிக்கையில் சிவப்பு மையில் கேட்டார்கள்:
"வெல்லம் யாருக்கு?"

டேப்பைப் பிடித்துக்கொண்டு
மேற்குச் சுவரோரம் நின்றோம்.
விரிசலுக்குள் அரசமர வேர், என் தொடை கனம்.
மதிப்பீட்டில் ஏழாம் இனம்: வேர் அகற்றுதல்.

கன்னியப்பன் தட்டிப் பார்த்தார், காதை வைத்தார்.
"இத எடுத்தா செவுரு நம்ம மேலதான் மேடம்.
இப்ப புடிச்சிக்கினு இருக்கறதே இதுதான்."

போனில் ஆணையர்: வெள்ளிக்குள் கோப்பு வேண்டும்.
வேரின்மேல் கட்டெறும்புகள்
அவசரமில்லாமல் ஏறின.

ஏழாம் இனத்தை அடித்தேன்.
அளவுப் புத்தகத்தில்
தாங்குதூண்கள் நான்கு என்றிருந்ததை
ஐந்து என்று திருத்தி
சுருக்கொப்பம் இட்டேன்.