பாதிப் பெயர்

புவியியலுக்குப் புதிதாக வந்த அகாய்
(ஆண் ஆசிரியர்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்)
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
எங்கள் பெயர்களைத் தன் கையாலேயே படியெடுத்தார்.
அய்ஸிரெக் என்றிருந்த இடத்தில்
அய்சாதா என்று எழுதினார்.
எழுதியதை வாசித்தார்.

ஒரு நொடி வகுப்பே பார்த்தது.
என் பக்கத்தில் இருந்தவள் எழுந்து
"இருக்கிறேன்" என்றாள்.

ஒரு சொல்லில் முடிந்திருக்க வேண்டியது
செப்டம்பரைத் தாண்டியது, அக்டோபரைத் தாண்டியது.

நாளைக்குச் சொல்கிறேன் என்றாள் முதல் வாரம்.
இப்போது சொன்னால்
அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்பார் என்றாள்
அடுத்த வாரம்.
நரின் ஆறு கரையோரமாக உறையத் தொடங்கியபோது
அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

நான் சொல்லியிருக்கலாம்.
எனக்கென்ன வந்தது என்றிருந்தேன்.
பொய். எனக்கும்தான் தொண்டை அடைத்தது.
போன வருடம் கணக்கு வகுப்பில்
கரும்பலகையில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போனதைச் சொன்ன எர்மெக்கை
ஆண்டு முழுக்கப் "பேராசிரியரே" என்று அழைத்தோம்.
முதலில் சிரித்தவள் நான்.
அதன்பிறகு அவன் கை உயர்ந்ததெல்லாம்
ஜன்னலைச் சாத்துவதற்குத்தான்.

அய் என்றால் எங்கள் மொழியில் நிலா.
ஸிரெக் என்றால் கூர்மை,
சட்டென்று பிடித்துக்கொள்ளும் புத்தி.
அகாய் நிலாவை அவளிடம் விட்டுவைத்து
மற்றதை எடுத்துக்கொண்டார்,
எடுத்தது தெரியாமல்.

பிப்ரவரியில் மாவட்டப் போட்டியின் முடிவு வந்தது.
விடைத்தாளில் அவள் தன் பெயரைத்தான் எழுதியிருந்தாள்.
தாளிடம் அவளுக்குப் பயம் கிடையாது.

ஹீட்டர் குழாய் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.
அகாய் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார்.
"முதல் பரிசாம். ஏழாம் வகுப்பாம்.
யார் இந்த அய்ஸிரெக்?
நம்மிடம் அப்படி யாரும் இல்லையே."

முப்பது பேர்.
முப்பது பேருக்கும் தெரியும்.
எர்மெக் பேனா மூடியைக் கடித்தான்.
அவள், மேசையில் யாரோ எப்போதோ கத்தியால் கீறிய
கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கடலே இல்லாத நாட்டில் ஒரு கப்பல்.

"தவறி வந்திருக்கும். திருப்பி அனுப்பிவிடுகிறேன்."
காகிதத்தை மடித்தார்.
ஒரு மடிப்பு.
இன்னொரு மடிப்பு.

கடைசி வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது.
பெக்தெமிர்.
திக்குகிறான் என்று யாரும் கேள்வியே கேட்காமல் விட்டவன்,
வருகைப் பதிவுக்குக்கூட விரலை மட்டும் காட்டுகிறவன்.
"அய்" என்றான்.
"அய், அய்" என்றான். கழுத்து நரம்பு புடைத்தது.
நிலா, நிலா, நிலா என்று
அதே இடத்தில் நின்றான்.
யாரும் சிரிக்கவில்லை.
நானும்.

"ஸிரெக்."

என் பக்கத்திலிருந்து வந்தது,
ஐந்து மாதம் பூட்டியிருந்த வீட்டின்
கதவுபோன்ற கரகரப்போடு.

அகாய் மடிப்புகளைப் பிரித்தார்.
பட்டியலை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.
காது மடல் சிவக்க, அடித்துத் திருத்தினார்.
பிறகு கோபமே இல்லாமல் கேட்டார்:
"இத்தனை நாள் ஏன் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை?"

குழாய் அடித்துக்கொண்டிருந்தது.
பெக்தெமிர் இன்னும் உட்காரவில்லை.
மற்றவர்கள் எல்லோரும்
மேசையைப் பார்த்தோம்.