மிச்சம் மூன்று நிமிடம்

புன்டா அரினாஸில் காற்றுநாட்களில்
தெருவோரம் கயிறு கட்டுவார்கள்.
அதைப் பிடித்தபடி வந்து சேர்ந்தாள் எர்மெலிண்டா,
இரண்டு கண்ணிலும் மணல் உறுத்த.

சிவப்பை நொடியில் வெளுக்கிற புட்டியை
அவள் எடுத்ததும் யெர்கோ வாங்கி
மேல்தட்டில் வைத்துவிட்டான்.
“உங்க கிளாக்கோமாவுக்கு இது வேண்டாம்.
பிரிசர்வேட்டிவ் இல்லாதது, இந்தாங்க.”
நகத்தளவு குப்பிகள். விலையைப் பார்த்தாள்.
“கண்ணு தானா நனைஞ்சிடுச்சு, மருந்து எதுக்கு?”
என்றாலும் வாங்கினாள்.

இரவு. அழுத்தத்துக்கான சொட்டு முதலில்.
பிறகு பத்து நிமிடம் மூடிய இமைக்குள்.
நீரிணையில் ஏதோ படகு உறுமுகிறது.
என்ன நிறமாயிருக்கும்?
ஒருநாள் எல்லாமே இப்படித்தானோ?

ஏழாவது நிமிடமே கண்ணைத் திறந்து
கடிகாரத்தைப் பார்க்கிறாள்:
முள்ளை, எண்களை,
அதன்மேல் படிந்த தூசைக்கூட.
அப்புறம் மூடிக்கொள்கிறாள்,
மிச்சம் மூன்றுக்கு.