வினையெச்சம்

வாலிநோக்கம் தேரியில் மூன்றாவது குழி.
மேலே செம்மணல், இடுப்பளவுக்குக் கீழே வெளிறிய மண்,
அதற்கும் கீழே
நாலு விரல்கூடத் தேறாத சாம்பல் கோடு.

ருக்கையா சல்லடையை ஆட்டுகிறாள்.
உப்பளத்தில் இன்னும் வேலை தொடங்காத தை மாதம்,
நாள்கூலிக்கு வந்தவள்.
"எலும்பு பொறுக்கவா இம்புட்டுப் படிச்சீக?"
ஆமாம், எலும்பு பொறுக்கத்தான்.

ஆவுளியா விலா ஒன்று, கருங்கல்லாய்க் கனக்கிறது.
மீன் காதுக்கல் பதினேழு.
குளத்து நத்தைகள், மிளகு அளவில்.
புள்ளிமான் தாடை பாதி,
புல் தின்று புல் தின்று தேய்ந்த பற்களோடு.

இங்கேயா புல்?
கண்ணுக்கு எட்டியவரை உடைமுள்.
குடிதண்ணீர் லாரி செவ்வாயும் வெள்ளியும்,
அதுவும் வந்தால்.

காதுக்கல்லை அறுத்தால் வளையம் வளையமாய் வயது.
கடைசி வளையம் பாதியில் நிற்கிறது.
வாடைக்காலத்தில் பிடிபட்டது என்று எழுதினேன்.
பிடித்த கைக்குப் படிவத்தில் இடமில்லை.

நேற்று மதியம் உலர்த்திய தட்டிலிருந்து
டீக்கடை அருளப்பன் நாய்
மான்கால் எலும்பைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது.
ருக்கையா வெறுங்காலோடு விரட்டிப்போய்
முள்ளுக்குள்ளிருந்து மீட்டு வந்தாள்,
எச்சில் ஒழுக.
"சப்புன்னு இருந்திருக்கும், பாவம்."

சேதக் குறிப்பு எழுதப் பூதக்கண்ணாடியில் வைத்தேன்.
ஒரு முனையில் புதுப் பல்தடம் நாலு, வெள்ளையாய்.
மறுமுனையிலும் நாலு.
அதே அகலம், அதே இடைவெளி,
பள்ளத்துக்குள் பழுப்பேறி, சாம்பல் இறுகி.

அப்படியென்றால்
இது இரண்டாவது நாய்.

இந்த அடுக்கைப் பஞ்சம் என்றே எழுதிவந்தேன்.
மணல் ஏறியது, குளம் வற்றியது, சனம் போனது.
பசித்தவன் எலும்பை உடைத்து மஜ்ஜை உறிஞ்சுவான்.
இது உடையவில்லை.
யாரோ ஒரு சாயங்காலம்
வயிறு நிறைந்து, போதும் என்று,
கை நீட்டி நாய்க்குப் போட்டிருக்கிறார்கள்.

ருக்கையாவிடம் சொன்னேன்.
"போட்டாகளாக்கும்! அப்பவும் களவாண்டுதான் ஓடியிருக்கும்."
இருக்கலாம்.
பல்தடத்தில் அது தெரியாது.
இரண்டில் ஒன்றை அழிக்க மனமில்லாமல்
இரண்டையும் பென்சிலில் எழுதி வைத்தேன்.

வாடை எழும்பி, குழியின் விளிம்பு சரிகிறது.
தார்ப்பாயின் ஒரு முனையை அவள் இழுக்க, மறுமுனையை நான்.
மூடும்முன் குனிந்து பார்த்தேன்
சாம்பல் கோட்டை:
தின்று, எறிந்து,
இல்லை, பறிகொடுத்து,
துரத்தி, முள் தைத்து,
சிரித்து