அரை

தவயோகன் கத்திரிக்கோலோடு வருவான்.
சிகரெட்டை நடுவால் நறுக்கி
ஒரு பாதி காதில், மற்றது பொக்கற்றில்.
பன்னிரண்டு, ஒன்பது, ஆறு என்று
வட்டக்கச்சிக் கராஜ் சுவரில் கரிக்கணக்கு.
கண்ணிவெடி எடுத்தவன்.
விரல் விரலாய் மண் கிளறித்தான்
எதையும் நம்புவான்.

நான் ஒரே நாளில் விட்டேன்.
பெட்டியைக் கசக்கி வாய்க்காலில் எறிந்தேன்.
மூன்றாம் நாள்
ட்ரக்டர் கொண்டுவந்தவனோடு கொழுவல்.
ஒன்பதாம் நாள் மனுசி சொன்னா:
"பத்தினால்தான் நீங்கள் நல்ல மனுசன்."

இதுக்கு முன்னமும் ஒருக்கால் நிற்பாட்டினேன்,
பங்கருக்குள்.
அது விட்டதில்லை, கிடைக்காமல் போனது.
பிறகு முகாம் கம்பிக்கு அங்கால்
எவனோ நீட்டிய முதலாவதை
சோற்றுப் பார்சலைக் கொடுத்து வாங்கினேன்.

இப்ப நாலு மாதம்.
தவயோகன் அரையில் நிற்கிறான்.
நாளுக்கு ஒரு அரை, ஒன்றரை வருசமாய்.
"அதைமட்டும் கிளப்ப ஏலாது மச்சான்,
வெடிச்சிடும்."

பின்னேரம் அவன் பத்துவான்.
காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து
கதிரையை
நான் புகைக்குள் இழுத்துப் போடுகிறேன்.