தறி ஓடாத நாள்

ஏகாம்பரகுப்பத்தில் அமாவாசைக்குத் தறி ஓடாது.
அன்றைக்குத்தான் நான் ஒலி கேட்பேன்.
மற்ற நாட்களில் படம் மட்டும்;
பக்கத்துச் சுவரில் பதினாறு விசைத்தறி
அடிக்கிற அடியில்
திரையில் எந்த மாப்பிள்ளைக்கும் தலை நிற்பதில்லை.

வேணு வீடியோ விஷன் மூடிய பிறகு
மகன் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியவை
நானூற்றுப் பன்னிரண்டு கேசட்டுகள்.
முதுகுச் சீட்டில் பெண் பெயர் தெலுங்கில்,
பிள்ளை பெயர் தமிழில்,
வரவேண்டிய பாக்கி
இரண்டுக்கும் பொதுவான எண்ணில்.

பூஞ்சை முதலில் விளிம்பில் பிடிக்கும்,
அரிசிமாவு சிந்தினாற்போல.
திருகாணி ஐந்தையும் கழற்றி
மூக்கில் துணி கட்டி
பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு
கால் கிலோமீட்டர் நாடாவை
விரலால் நகர்த்துவேன்.
ஒரு கல்யாணத்துக்கு ஒன்றரை நாள்.
பிறகுதான் கணினிக்கு ஏற்றுவது.
பிளேயர் திருப்பதி காயலான் கடையில் எடுத்தது.
அதன் தலை தேய்ந்தால்
மாற்றுத் தலைக்கு இனி ஊர் இல்லை.

யாரும் வந்து பார்க்கலாம் என்று
இரண்டு எழுத்திலும் கதவில் எழுதி வைத்தேன்.
வந்தார்கள்.

தேவராஜுலு வந்தார், நிலத் தகராறு.
தொண்ணூற்றொன்றில் அண்ணன் மகள் ஊர்வலம்
அவர் வயலோரமாகத்தான் போனதாம்.
பின்னால் எல்லைக்கல் தெரியுமாம்.
வக்கீல் கேட்கிறாராம்.
மூன்று முறை ஓட்டினோம்.
கல் வரவேண்டிய நொடியில்
கேமரா பேண்டுக்காரன் பக்கம் திரும்பிவிட்டது.
"வேணு அப்பவே அந்தப் பக்கம் காசு வாங்கிட்டான்"
என்று எழுந்து போனார்.
எருமை ஒன்று தெரிந்தது.
அது தன்னுடையதுதான் என்று மட்டும்
வாசலில் நின்று சொன்னார்.

பள்ளிப்பட்டிலிருந்து ஒரு பெண்,
அம்மாவின் குரல் வேண்டும் என்றாள்.
அமாவாசைக்கு வரச் சொன்னேன்.
"அந்த இலைக்கு ரசம் வைங்க."
அவ்வளவுதான் இருந்தது.
நான்கு தடவை கேட்டாள்.
ஒவ்வொரு தடவையும் துளி உதிர்கிறது என்பதை
நான் சொல்லவில்லை.

அம்சவேணி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
புத்தூர் பஸ்ஸில் இறங்கி, குடையும் மடக்காமல்,
"இருநூத்தி ஏழு. அழிக்கணும். எவ்வளவு ஆகும்?"

அழிக்க ஒரு காந்தம் போதும்.
அல்லது ஒன்றும் செய்யாமல் நாலு மழைக்காலம்.
நான் இங்கே மல்லுக்கு நிற்பதே
அந்த ஒன்றும் செய்யாமையோடுதான்.
அதை விட்டுவிட்டு,
ஒருதரம் பார்த்துவிட்டுச் சொல்லுங்களேன் என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.

நின்றுகொண்டே பார்த்தார்.
தாலி கட்டும்போது கண்ணைச் சுவர்ப் பல்லிமேல் வைத்துக்கொண்டார்.
சீர்வரிசைப் பாத்திரம் வரிசையாய் வந்தது.
மாமனார் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.
அப்புறம் பந்தலுக்கு வெளியே,
யாரும் எடுக்க நினைக்காத ஓரத்தில்,
ஒரு சின்னப் பெண் குரங்குப் பெடலில்
ஆம்பிளை சைக்கிள் ஓட்டிக் கடந்தாள்.

"நிறுத்துங்க."

நிறுத்தினால் படத்தின் குறுக்கே
இரண்டு வெள்ளைக் கோடு விழும்.
சக்கரம் கோட்டுக்குக் கீழே இருந்தது.
"அது என் சைக்கிள். என் தங்கச்சி ஓட்டறா.
மறுநாளே வித்துட்டாங்க."
கொஞ்சம் பொறுத்து,
"மணி இருந்துச்சு அதுக்கு. கேக்குதா?"
பதினாறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன.
அமாவாசைக்கு வாங்க என்றேன்.

அழிக்க வேண்டாமாம்.
அவர் இருக்கிறவரை யாருக்கும் காட்டக் கூடாதாம்.
"அவங்க ஆளுங்க வந்தா
கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க."

பட்டியலில் 207க்கு நேரே
பூஞ்சை, பார்க்க இயலாது என்று எழுதினேன்.
இந்தப் பதிவேட்டில் என் கையால் முதல் பொய்.
எழுதிவிட்டு, அந்த நாடாவைத் துடைத்தேன்,
வழக்கம்போல, ஒன்றரை நாள்.

மூன்று அமாவாசை போயிற்று. அவர் வரவில்லை.
தறிக்கூடம் பூட்டி, தெருவே அடங்கி,
ஒரு சைக்கிள் மணி விழுந்தால் கேட்கும்.

நான் போடவில்லை.
யாருக்கும் என்றால் எனக்கும்தான்.